பிறப்புச் சான்றிதழ் நகல் வாங்குவது எப்படி? முதல்முறை விண்ணப்பிப்பவர்களுக்கு

பிறப்புச் சான்றிதழ் தொலைந்துவிட்டால் பதற வேண்டாம். தொலைந்தது ஒரு தாள்தான். நீங்கள் பிறந்தபோது எழுதிய பதிவு, பதிவாளர் அலுவலகத்தின் பதிவேட்டில் இருக்கும். அதைப் பார்த்து எடுத்து, கையெழுத்தும் முத்திரையும் இட்டுத் தருவதைத்தான் நாம் சான்றிதழ் என்கிறோம். தேவைப்படும்போதெல்லாம் கட்டணம் கட்டி இன்னொன்று வாங்கலாம்.

அலுவலகத்தில் தேடப்போவது அந்தப் பழைய பதிவை. இதை நினைவில் வைத்துக்கொண்டால் படிவத்தில் எந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்ற குழப்பம் பாதி தீர்ந்துவிடும்.

படி 1: எதற்கு வேண்டும் என்று முதலில் கேளுங்கள்

பலர் இதைத் தாண்டிவிட்டு நேராகப் படிவத்துக்குப் போகிறார்கள். பிறகு, வந்த நகல் செல்லாது என்று திருப்பி அனுப்பப்படுகிறார்கள். காரணம், பல நாடுகளில் ஒரே பதிவிலிருந்து ஒன்றுக்கு மேற்பட்ட வகை நகல்கள் தருகிறார்கள். இங்கிலாந்தில் சுருக்கச் சான்றிதழ், முழுச் சான்றிதழ் என்று இரண்டு உண்டு. சுருக்கத்தில் பெற்றோர் விவரம் இருக்காது. பிரான்சில் மூன்று வகை: முழு நகல், பெற்றோர் விவரம் உள்ள சுருக்கம், அது இல்லாத சுருக்கம். திருமணம் போன்ற வேலைகளுக்கு அண்மையில் எடுத்த நகல்தான் வேண்டும் என்றும் அங்கே கேட்பார்கள்.

ஆகவே சான்றிதழைக் கேட்கும் இடத்தில், அது பாஸ்போர்ட் அலுவலகமோ பள்ளியோ தூதரகமோ, இந்த மூன்றையும் கேட்டுக்கொள்ளுங்கள்: பெற்றோர் பெயர் இருக்க வேண்டுமா, எவ்வளவு காலத்துக்குள் எடுத்த நகலாக இருக்க வேண்டும், கொடுத்ததைத் திருப்பித் தருவார்களா. திருப்பித் தர மாட்டார்கள் என்றால் ஒரே விண்ணப்பத்தில் இரண்டு நகல் கேட்பது நல்லது. கேட்க வழியில்லை என்றால் முழு நகலையே வாங்குங்கள். சுருக்கத்தை ஏற்கும் இடத்தில் முழு நகலையும் பெரும்பாலும் ஏற்பார்கள். முழு நகல் கேட்கும் இடத்தில் சுருக்கம் எடுபடாது.

வீட்டில் இருக்கும் பழைய ஜெராக்ஸ் பிரதியைக் கொடுத்துச் சமாளிக்கலாம் என்று நினைக்க வேண்டாம். அதில் தெரியும் முத்திரை, முத்திரையின் படம் மட்டுமே. ஆனால் அதைப் பத்திரமாக வைத்திருங்கள், மூன்றாம் படியில் பெரிதும் உதவும்.

படி 2: பதிவேடு எங்கே இருக்கிறது?

பொதுவான விதி, பிறந்த இடம் எந்த அலுவலகத்தின் எல்லையில் வருகிறதோ அங்கேதான் பதிவு இருக்கும். இப்போது குடியிருக்கும் ஊரும் பெற்றோரின் சொந்த ஊரும் கணக்கில் வராது. மருத்துவமனை தருவது பிறந்ததற்கான தகவல் சீட்டு மட்டுமே. சான்றிதழைத் தருவது பதிவாளர்.

நாட்டுக்கு நாடு அமைப்பு மாறும். அமெரிக்காவில் மத்திய அரசு இந்த நகலைத் தருவதில்லை. பிறந்த மாநிலத்தின் அலுவலகத்திலோ அங்குள்ள உள்ளூர் அலுவலகத்திலோ கேட்க வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1837 ஜூலை 1 முதலான பதிவுகளுக்கு மையப் பொதுப் பதிவு அலுவலகத்திலேயே விண்ணப்பிக்கலாம். இந்தியாவில் 1969 ஆம் ஆண்டின் பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி, பிறந்த இடத்துக்குரிய உள்ளூர்ப் பதிவாளரிடம் பதிவு இருக்கும். ஜெர்மனியில் உள்ளூர் அலுவலகம் பிறப்புப் பதிவேட்டை 110 ஆண்டுகள் வைத்திருந்துவிட்டு ஆவணக் காப்பகத்துக்கு அனுப்பிவிடும். தாத்தா பாட்டியின் பதிவைத் தேடுபவர்களுக்கு இது முக்கியம்.

மாவட்டமோ நகர எல்லையோ இடையில் மாறியிருந்தால், பழைய பதிவேடு இப்போது யாரிடம் இருக்கிறது என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டு விண்ணப்பியுங்கள். வெளிநாட்டில் பிறந்து உங்கள் நாட்டுத் தூதரகத்தில் பதிவு செய்திருந்தால், பிறந்த நாட்டில் ஒரு பதிவும் தூதரகத்தின் வழியாக இன்னொன்றும் இருக்கக்கூடும். எது வேண்டும் என்பதைப் படி 1 சொல்லும்.

படி 3: பதிவில் இருக்கும்படி விவரங்களைத் திரட்டுங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய இடம் இதுதான். படிவம் கேட்பவை எளிமையாகத்தான் தோன்றும்: பெயர், பிறந்த தேதி, பிறந்த இடம், தாய் தந்தை பெயர். ஆனால் இவை எல்லாம் அன்று பதிவேட்டில் எழுதியபடி இருக்க வேண்டும்.

பிறகு பெயரை மாற்றிக்கொண்டிருந்தால், தேடலுக்குப் பழைய பெயரைத்தான் கொடுக்க வேண்டும். குழந்தைக்குப் பெயர் வைக்கும் முன்பே பதிவு நடந்திருந்தால் பெயர்க் கட்டம் காலியாகவே இருக்கலாம். அப்போது பெற்றோர் பெயரையும் தேதியையும் வைத்துத்தான் தேடுவார்கள். முதலில் பெயர் சேர்க்க விண்ணப்பித்து, அதன் பிறகு நகல் வாங்க வேண்டியிருக்கும். தாயின் பெயரைப் பல நாடுகளில் திருமணத்துக்கு முந்தைய குடும்பப் பெயரோடு கேட்பார்கள். எழுத்துக்கூட்டலும் சிக்கல்தான்: ஒரே பெயரை ஆங்கிலத்தில் நான்கு விதமாக எழுத முடியும் என்பதால், நீங்கள் தட்டச்சு செய்வதும் பதிவில் இருப்பதும் பொருந்தாமல் போகலாம். ஆன்லைன் தேடலில் ஒன்றும் வராவிட்டால் மற்ற எழுத்துக்கூட்டல்களையும் போட்டுப் பாருங்கள்.

தேதியிலும் கவனம் வேண்டும். பள்ளியில் கொடுத்த தேதியும் உண்மையான தேதியும் வேறாக இருப்பவர்கள் நிறையப் பேர். பதிவில் இருப்பது எது என்று வீட்டுப் பெரியவர்களிடம் கேளுங்கள். இன்னொன்று, பிறந்த தேதியும் பதிவு செய்த தேதியும் வெவ்வேறு. டிசம்பர் கடைசியில் பிறந்த குழந்தையின் பதிவு அடுத்த ஆண்டின் பதிவேட்டில் இருக்க வாய்ப்பு உண்டு. தேடும்போது இரண்டு ஆண்டுகளையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பழைய ஜெராக்ஸில் பதிவு எண் தெரிந்தால் பாதி வேலை முடிந்த மாதிரி. அது இல்லாவிட்டால் மருத்துவமனைச் சீட்டு, தடுப்பூசி அட்டை, ஏன், உடன்பிறந்தவரின் சான்றிதழ்கூட உதவும். பெற்றோரின் பெயரை அலுவலகம் எப்படி எழுதியிருக்கும் என்பதற்கு அதில் தடயம் கிடைக்கும்.

படி 4: கேட்க உங்களுக்கு உரிமை உண்டா?

உங்கள் சொந்தப் பதிவு என்றாலும், உங்கள் குழந்தையின் பதிவு என்றாலும் சிக்கல் இல்லை. அடையாள அட்டை போதும். குழந்தைக்கு என்றால் உறவைக் காட்டும் ஆவணமும் கேட்கலாம். மற்றவர்களுக்காக வாங்குவதுதான் இடத்துக்கு இடம் மாறும். இங்கிலாந்தில் யார் பதிவின் நகலையும் யாரும் கேட்கலாம். அமெரிக்காவின் பல மாநிலங்களில் நெருங்கிய உறவினருக்கும் சட்டப் பிரதிநிதிக்கும் மட்டுமே தருவார்கள். நீங்கள் நேரில் போக முடியாத நிலையில் இருந்தால், கையெழுத்திட்ட அதிகாரக் கடிதத்தையும் உங்கள் அடையாள ஆவண நகலையும் கொடுத்து ஒருவரை அனுப்ப முடியுமா என்று விசாரியுங்கள்.

படி 5: விண்ணப்பியுங்கள்

ஆன்லைன், தபால், நேரில் என மூன்று வழிகள் இருக்கலாம். பதிவு கணினியில் ஏறியிருந்தால் ஆன்லைன்தான் சுலபம். பழைய கைப்பதிவு என்றால் நேரில் போவதே என் பரிந்துரை. பதிவேட்டைப் புரட்டும் ஊழியரிடம் இரண்டு மாதம் முன்பின் பார்க்கச் சொல்லலாம்; இணையப் படிவத்தில் அது முடியாது.

தேடுபொறியில் முதலில் வரும் தளத்தை அப்படியே நம்பிவிட வேண்டாம். அரசுத் தளம் போலவே தோற்றமளித்துக் கூடுதல் பணம் வாங்கும் இடைத்தரகர் தளங்கள் உண்டு. முகவரியின் முடிவில் அந்த நாட்டு அரசுக்குரிய குறியீடு இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் அடையாள ஆவணங்களை அங்கே ஏற்றப்போகிறீர்கள், அதனால் இதில் அலட்சியம் கூடாது.

தெரியாத விவரத்தை ஊகித்து எழுதாதீர்கள். கட்டாயமில்லாத கட்டம் என்றால் விட்டுவிடலாம். தவறான விவரம் தேடலைத் திசைமாற்றிவிடும். பணம் கட்டியதும் ரசீதையும் விண்ணப்ப எண்ணையும் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

பதிவு இல்லை என்று சொன்னால்?

முதலில் எழுத்துக்கூட்டல், ஆண்டு, அலுவலக எல்லை மூன்றையும் மாற்றி இன்னொரு முறை தேடச் சொல்லுங்கள். அப்போதும் கிடைக்காவிட்டால், தேடியும் பதிவு இல்லை என்று எழுத்தில் வாங்குங்கள். வாய்வார்த்தையாகக் கேட்டுக்கொண்டு திரும்பிவிடாதீர்கள். காலம் கடந்து புதிதாகப் பதிவு செய்யப் பல இடங்களில் அந்தத் தாள்தான் முதல் ஆவணம். இந்தியாவில் ஒரு வருடம் கடந்த பிறப்பைப் பதிய மாஜிஸ்திரேட்டின் உத்தரவு வேண்டும். எந்த வயதிலும் இதற்கு வழி உண்டு, கொஞ்சம் அலைச்சல் இருக்கும், அவ்வளவுதான்.

படி 6: கைக்கு வந்ததும் சரிபாருங்கள்

முடிந்தால் கவுன்டரிலேயே ஒவ்வொரு எழுத்தையும் படியுங்கள். பிழை இருந்தால், அது நகல் எடுத்தபோது வந்ததா, பதிவேட்டிலேயே இருக்கிறதா என்று கேளுங்கள். முதலாவது என்றால் நகலை மாற்றித் தருவார்கள். இரண்டாவது என்றால் ஆதாரங்களோடு திருத்தத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். எதுவானாலும் சான்றிதழின் மேல் நீங்களாகப் பேனா வைக்காதீர்கள், செல்லாததாகிவிடும்.

வெளிநாட்டில் கொடுக்க வேண்டுமென்றால் இன்னும் ஒரு வேலை பாக்கி. சான்றிதழில் உள்ள கையெழுத்தும் முத்திரையும் உண்மையானவை என்று உறுதிப்படுத்த வேண்டும். 1961 ஹேக் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளுக்கு இடையே இதற்குப் பெரும்பாலும் அப்போஸ்டில் என்ற ஒரே சான்று போதும். இந்தியாவில் இது 2005 முதல் நடைமுறையில் உள்ளது. சேராத நாடு என்றால் தூதரகம் வழியாக அத்தாட்சி பெற வேண்டும். ஐரோப்பிய ஒன்றிய நாடு ஒன்றில் வாங்கிய பிறப்புச் சான்றிதழுக்கு, இன்னோர் ஒன்றிய நாட்டில் 2019 பிப்ரவரி 16 முதல் அப்போஸ்டிலும் தேவையில்லை. மொழிபெயர்ப்பும் வேண்டுமென்றால் பெரும்பாலும் அப்போஸ்டில் பெற்ற பிறகு செய்வதே சரி, அந்தச் சான்றையும் சேர்த்து மொழிபெயர்க்கச் சொல்வார்கள். அப்புறம், சான்றிதழை லேமினேட் செய்துவிடாதீர்கள். பிளாஸ்டிக்குக்குள் போன தாளில் முத்திரையைச் சோதிக்க முடியாது என்று பல அலுவலகங்கள் திருப்பி அனுப்பிவிடும். ஸ்கேன் எடுத்துவிட்டு, சாதாரணக் கண்ணாடிக் கவரில் போட்டு வைத்தால் போதும்.