"படு" என்றால் பின்பக்கத்தைத் தூக்கும் நாய்: சரிசெய்த விதம்

"படு" என்றதும் எங்கள் நாய் முன்கால்களை நீட்டும், பின்பக்கத்தைத் தூக்கியபடி நிற்கும். தீனியை நான் முன்னால் இழுத்ததுதான் காரணம்; அதன் பின்னாலேயே எழுந்து வந்தது.

இப்போது முதலில் உட்கார வைக்கிறேன். உப்பில்லாமல் வேகவைத்த கோழியைப் பட்டாணி அளவுக்கு நறுக்கி, ஒரு துண்டை மூக்கை ஒட்டிப் பிடித்து, முன்கால்களுக்கு நடுவே நேராகத் தரைவரை இறக்குவேன். தலை கீழே போனபின்தான் தரையோடு மெல்ல முன்னே நகர்த்துவது. இரண்டு முழங்கையும் தரையைத் தொட்ட அதே நொடியில் "சபாஷ்", தீனியும் அங்கேயே, தரைமட்டத்தில். கையை உயர்த்திக் கொடுத்தால் எழுந்ததற்குப் பரிசு கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

அப்படியும் எழும்பினால், தரையில் அமர்ந்து ஒரு காலைப் பாலம்போல் மடித்து, அதற்கடியில் தீனியைக் காட்டுங்கள். நுழைய வேண்டுமென்றால் படுத்தே ஆகவேண்டும். முதுகை மட்டும் அழுத்தாதீர்கள், எதிர்த்து நிற்கும்.

கோலாலம்பூரின் தாமான் (குடியிருப்புப் பகுதி) வீடுகளில் டைல்ஸ் தரை வழுக்கும். கால் சறுக்கினால் நாய் படுக்கத் தயங்கும். ரப்பர் பாய் விரித்ததும் பாதிச் சிக்கல் தீர்ந்தது. பிற்பகலில் வீட்டு முன்புறக் கார் நிறுத்துமிடத்துச் சிமெண்டுத் தரை சுடும், காலையிலேயே பழக்குங்கள்.

ஐந்தாறு முறை சரியாகப் படுத்தபின் வெறுங்கையால் அதே அசைவு, தீனி மறுகையிலிருந்து. அதன்பிறகே சொல்: "படு", ஒரு நொடி கழித்துக் கையசைவு. வீட்டில் ஒருவர் "படு", இன்னொருவர் "டவுன்" என்றால் குழம்பும். 3 நிமிடம், நாளுக்கு 3 தடவை போதும். படுத்துப் பழகிய வயதான நாய் திடீரென மறுத்தால் மூட்டுவலியாக இருக்கலாம், கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.