நுவரெலியாக் குளிரில் ஜிஞ்சர் பியருக்கு ஒரு சூட்டுப்பெட்டி

மாசி மாதத்து நுவரெலியாவில் பகல் 20 பாகையைத் தொடும், விடியற்காலையில் 10க்குக் கீழே இறங்கும். சீனியைத் தின்று வாயு விடும் ஈஸ்ட் இரவில் உறங்கி நண்பகலில் விழிக்கும். போத்தல் எப்போது தயாராகும் என்று கணக்கு வைக்க முடியாது. கணக்குப் பிசகிய போத்தல்தான் வெடிக்கிறது. வெப்பத்தை 24 பாகையில் நிறுத்திவிட்டால் நேரம் நம் கைக்கு வந்துவிடும். (அனுமதிப்பத்திரம் இல்லாமல் வீட்டில் பியர் காய்ச்சுவது இலங்கையில் குற்றம். ஆகவே இங்கே ஜிஞ்சர் பியர்தான்.)

தேவையானவை: மீன் வரும் வெள்ளை ரெஜிபோம் பெட்டி, எஸ்டிசி-1000 வெப்பக் கட்டுப்படுத்தி (230 வோல்ட்), 40 வாட் இழைக் குமிழ், பீங்கான் ஹோல்டர், ஒரு கிலோ பால்மா டின், 77 பாகை வெப்ப ஃபியூஸ் (அந்தச் சூட்டில் மின்சாரத்தைத் துண்டிக்கும்), மூன்று முனை பிளக். எல்ஈடி குமிழ் போதிய அளவு சூடாகாது, வாங்க வேண்டாம்.

டின்னில் துளைகள் போட்டு, குமிழை உள்ளே பொருத்தி, ஓட்டுத் துண்டின்மேல் வையுங்கள். ரெஜிபோம் சூட்டில் உருகும், தீயும் பிடிக்கும். சுற்றிலும் 10 சென்ரிமீற்றர் இடைவெளி கட்டாயம். டின்னை எர்த் வயருடன் இணையுங்கள். ஃபியூஸ் டின்னுக்கு நேர்மேலே, மூடியின் உட்புறத்தில், குமிழுக்குப் போகும் லைவ் வயரில் இருக்கட்டும்.

பிளக்கைக் கழற்றிவிட்டு வயரிங் செய்யுங்கள். கட்டுப்படுத்தியின் பின்புறத்து இணைப்பு முனைகளில் எண்கள் இருக்கும்: லைவ் 1க்கும் நியூட்ரல் 2க்கும் போகும். சென்சர் 3, 4இல். பலர் தடுமாறும் இடம் 5, 6. திரையில் சூடாக்கும் அடையாளம் தெரியும், குமிழ் எரியாது. காரணம், அவை மின்சாரம் தருவதில்லை, வெறும் சுவிட்ச்தான். 1இலிருந்து 5க்கு லைவ் பாலம் போட்டு, 6இலிருந்து குமிழுக்கு எடுத்து, குமிழின் மறுமுனையை 2க்குக் கொண்டுவாருங்கள்.

எஸ் பொத்தானை மூன்று விநாடி அழுத்தி எஃப்1இல் (வேண்டிய வெப்பம்) 24, எஃப்2இல் (அனுமதிக்கும் வித்தியாசம்) 0.5 வையுங்கள். சென்சரை நொறுக்கிய ஐஸும் தண்ணீரும் கலந்ததில் விட்டால் 0 காட்ட வேண்டும். பிசகினால் எஃப்4இல் திருத்துங்கள். கொதிநீரில் சரிபார்க்க வேண்டாம், இந்த உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 94 பாகையிலேயே கொதிக்கிறது.

சென்சரைக் காற்றில் தொங்கவிட்டால் காற்று சூடானதும் குமிழ் அணையும், போத்தல் குளிராகவே கிடக்கும். நடுப் போத்தலின் பக்கத்தில் ஒட்டி, மேலே ஸ்பொஞ்ச் துண்டை அழுத்திக் கட்டுங்கள்.

4 லீற்றர் தண்ணீரில் 200 கிராம் நசுக்கிய இஞ்சியும் 400 கிராம் சீனியும் போட்டு 15 நிமிடம் கொதிக்கவிட்டு வடியுங்கள். 30 பாகைக்குக் கீழே ஆறியதும் இரண்டு தேசிக்காய்ச் சாறு, கால் தேக்கரண்டி பாண் ஈஸ்ட். மூன்று 1.5 லீற்றர் பிளாஸ்டிக் சோடாப் போத்தல்களில் ஊற்றுங்கள். கண்ணாடி வேண்டவே வேண்டாம். லீற்றருக்கு 12 கிராம் சீனி கரைந்தாலே நுரைக்குப் போதுமான வாயு வந்துவிடும். இதிலோ 100 கிராம் இருக்கிறது, மிச்சமெல்லாம் வெடிக்கக் காத்திருக்கும் சீனி.

24 மணி நேரத்திலிருந்து ஆறு மணி நேரத்துக்கொரு தடவை போத்தலை அமுக்கிப் பாருங்கள். விரல் பதியாமல் கல்லுப்போல இறுகியதும் உடனே ஃபிரிட்ஜ். பெரும்பாலும் 36 மணி நேரத்துக்குள் ஆகிவிடும். சிறிதளவு மதுசாரமும் சேர்ந்திருக்கும், பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள்.