சிங்கப்பூர் – நியூயார்க்: எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம்?

தட்டையான வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளக்காதீர்கள். உருண்டை குளோப் ஒன்றை எடுத்து, இரண்டு ஊர்களுக்கும் நடுவே ஒரு நூலை இறுக்கிப் பிடியுங்கள், நூல் வடதுருவத்தை ஒட்டிப் போவது தெரியும், அதுதான் குறுக்கு வழி. சுமார் 15,300 கிலோமீட்டர்.

சரி, நேரம்? பெரிய விமானங்கள் மணிக்கு ஏறத்தாழ 900 கிலோமீட்டரில் பறக்கும், வகுத்தால் 17 மணி நேரம். ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, மேலேறி இறங்குவது, காற்றுக்காகப் பாதை வளைவது என்று இன்னும் ஒன்றரை மணி நேரம் சேர்த்துக்கொள்ளுங்கள். காற்றைச் சாதாரணமாக நினைக்காதீர்கள், உயரத்தில் அது மேற்கிலிருந்து கிழக்கே பலமாக அடிப்பதால்தான் லண்டனிலிருந்து நியூயார்க் போக சுமார் 8 மணி நேரமும் திரும்பி வர 7 மணி நேரமும் ஆகிறது.

அப்புறம், டிக்கெட்டில் இருப்பது அந்தந்த ஊர் நேரம், பலர் குழம்புவது இங்கேதான். கோடையில் நியூயார்க் 12 மணி நேரம் பின்தங்கியிருக்கும், குளிர்காலத்தில் 13. ஜூலையில் நள்ளிரவு 12 மணிக்குக் கிளம்பி 18 மணி நேரம் பறந்தால், சிங்கப்பூரில் மாலை 6, இறங்கும் இடத்தில் அதே நாள் காலை 6. அழைத்துப்போக வருபவரிடம் இந்தக் காலை 6 மணியைச் சொல்லுங்கள்.