குவானஹுவாட்டோவில் ஒரு விடுமுறை: முதல்முறை போகிறவர்களுக்கான திட்டம்

மெக்சிகோ என்றதும் பலரும் கான்கூன் கடற்கரைக்கு டிக்கெட் தேடத் தொடங்கிவிடுகிறார்கள். ஸ்பானியர் காலத்து நகரம் ஒன்றை நிதானமாகப் பார்க்க ஆசைப்படுபவர்களுக்கு நான் சொல்வது குவானஹுவாட்டோ. 16ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கே வெள்ளி கிடைத்தது. சுரங்கத்தை ஒட்டியே குடியிருக்க வேண்டிய கட்டாயத்தில், ஊர் எழுப்பவே இடமில்லாத ஒரு மலை இடுக்கில் ஊரை எழுப்பிவிட்டார்கள். மற்ற ஸ்பானியக் குடியேற்ற நகரங்களில் கட்டம் போட்டதுபோல் ஓடும் நேர்த்தெருக்கள் இங்கே கிடையாது. முடுக்குகள், படிக்கட்டுகள், பூமிக்கடியில் ஓடும் சுரங்கச் சாலைகள், அவ்வளவுதான். உங்கள் திட்டம் முழுவதையும் இந்த மேடு பள்ளம்தான் முடிவு செய்யப்போகிறது.

படி 1: தேதியை முடிவு செய்யுங்கள்

நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழை அநேகமாக இருக்காது. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழைக்காலம். பெரும்பாலும் பிற்பகலில் கொட்டிவிட்டு ஓய்ந்துவிடும். ஊர் ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்தில் இருப்பதால் பகலில் வெயில் அடித்தாலும் இரவில் குளிரும். டிசம்பர், ஜனவரியில் ஸ்வெட்டர் இல்லாமல் போகாதீர்கள்.

அக்டோபரில் 1972 முதல் நடந்துவரும் செர்வாண்டினோ கலை விழா உண்டு. நாடகம், இசை, நடனம் என்று ஊரே மேடையாகிவிடும். அதற்காகவே போவதென்றால் அறையைப் பல மாதங்களுக்கு முன்பே பிடித்துவிட வேண்டும். விழாவில் ஆர்வம் இல்லாதவர்கள் அந்த மாதத்தையே தவிர்ப்பது நல்லது. ஈஸ்டருக்கு முந்தைய வாரத்திலும் கூட்டம் நெரியும்.

படி 2: விசாவும் விமானமும்

அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஜப்பான், ஷெங்கன் நாடுகள் ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றின் செல்லுபடியாகும் விசா பாஸ்போர்ட்டில் இருந்தால், சுற்றுலாவுக்குத் தனியாக மெக்சிகோ விசா தேவையில்லை. இல்லாதவர்கள் மெக்சிகோ தூதரகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். விதி மாறக்கூடியது, டிக்கெட் எடுக்கும் முன் தூதரக இணையதளத்தை ஒருமுறை பாருங்கள்.

இன்னொன்றைப் பலர் கவனிப்பதில்லை. அமெரிக்கா வழியாகப் போகும் டிக்கெட் மலிவாகத் தெரியும். ஆனால் அங்கே விமானம் மாறுவதற்கும் அமெரிக்க விசா வேண்டும். அது இல்லாதவர்கள் இஸ்தான்புல் வழியாகவோ வேறு தடத்திலோ போவதுதான் வழி.

படி 3: ஊர் போய்ச் சேருவது

மெக்சிகோ நகரத்தின் வடக்கு பஸ் முனையத்திலிருந்து நேரடி பஸ் உண்டு. சுமார் ஐந்து மணி நேரம். முதல் வகுப்பு பஸ்களில் இருக்கை தாராளமாகச் சாயும், கழிப்பறையும் இருக்கும். விமானம் என்றால் சிலாவ் ஊருக்கு அருகிலுள்ள பஹியோ நிலையத்தில் இறங்கி டாக்ஸி பிடிக்கலாம். குவானஹுவாட்டோவின் பஸ் நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது. அங்கிருந்து நகரப் பேருந்தோ டாக்ஸியோ தேவைப்படும்.

படி 4: அறை பிடிப்பது

அவசரப்படாதீர்கள். இந்த ஊரில் வரைபடத்தில் "மையத்திலிருந்து 200 மீட்டர்" என்று காட்டினால் அது படுக்கைவசத்துத் தூரம். நிமிர்ந்த தூரத்தை யாரும் சொல்வதில்லை. முடுக்குகளில் கார் நுழையாது. டாக்ஸிக்காரர் சுரங்கச் சாலையிலோ தெருமுனையிலோ இறக்கிவிட்டு, ஒரு படிக்கட்டைக் கைகாட்டிவிட்டுப் போய்விடுவார். அதன்பின் பெட்டியும் நீங்களும்தான். எனவே முன்பதிவுக்கு முன் விடுதிக்கு மூன்று கேள்விகள் அனுப்புங்கள்: கார் வாசல்வரை வருமா, வராவிட்டால் எத்தனை படி ஏற வேண்டும், அறை தெருப்பக்கமா உள்முற்றப் பக்கமா?

மூன்றாவது கேள்வி தூக்கத்துக்கானது. ஊரின் நடுவிலுள்ள ஹார்தின் தே லா யூனியன் என்ற முக்கோணப் பூங்காவைச் சுற்றி மரியாச்சிக் குழுக்கள் இரவு வெகுநேரம்வரை பாடும். முதல் இரவு ரசிப்பீர்கள், இரண்டாம் இரவு பஞ்சு தேடுவீர்கள். பூங்காவிலிருந்து சிறிது தள்ளி சான் ஃபெர்னாந்தோ சதுக்கம் பக்கம் தங்கினால் அமைதியும் உண்டு, சமதளமும் ஓரளவு உண்டு. வயதானவர்கள் கூட வந்தால் மலைச்சரிவில் "நகரம் முழுவதும் தெரியும் பால்கனி" என்று விளம்பரம் செய்யும் அறைகளை மறந்துவிடுங்கள்.

சக்கரப் பெட்டி கருங்கல் பாவிய தெருக்களில் படாதபாடு படும். முதுகுப்பையே மேல். காலணி வழுக்காத அடிப்பாகத்தோடு இருக்கட்டும்.

படி 5: பணம், மின்சாரம்

விலைப்பட்டியலில் டாலர் குறியைக் கண்டு திடுக்கிட வேண்டாம். மெக்சிகோ நாணயமான பெசோவுக்கும் அதே குறிதான். சந்தை, தள்ளுவண்டி, டாக்ஸி மூன்றுக்கும் ரொக்கம் வேண்டும். ஏ.டி.எம். "உங்கள் நாட்டு நாணயத்தில் மாற்றித் தரட்டுமா" என்று கேட்டால் மறுத்துவிடுங்கள், மாற்று விகிதம் மோசமாக இருக்கும். மின்சாரம் 127 வோல்ட், தட்டைக் கம்பிச் செருகி. போன் சார்ஜருக்கு அடாப்டர் போதும். நம் ஊர் மின்கெண்டியைக் கொண்டுபோனால் தண்ணீர் கொதிக்கக் காத்திருந்தே களைத்துவிடுவீர்கள்.

படி 6: நான்கு நாள் திட்டம்

முதல் நாள் பட்டியல் எதுவும் வேண்டாம். உயரம் பழகாததால் படியேறும்போது மூச்சு வாங்கும். பூங்காவில் உட்காருங்கள். தலைக்கு மேல் கூரைபோல் கத்தரிக்கப்பட்டிருக்கும் அத்தி இன மரங்களை அவர்கள் இந்திய லாரல் என்கிறார்கள். எதிரே 1903இல் திறக்கப்பட்ட ஹுவாரெஸ் அரங்கம். அதன் பின்புறமுள்ள இழுவை ரயிலில் மாலையில் மலைமேலிருக்கும் பீப்பிலா சிலைக்கு ஏறினால் ஊர் முழுவதும் காலடியில் கிடக்கும். மேலே நின்று நாளைக்குப் போக வேண்டிய இடங்களைக் கண்ணாலேயே குறித்துக்கொள்ளுங்கள். பூமிக்கடியில் செயற்கைக்கோள் வழிகாட்டி வேலை செய்யாத ஊரில் அது உதவும்.

இரண்டாம் நாள் அல்ஓந்திகா. தானியக் கிடங்காகக் கட்டப்பட்ட கோட்டை போன்ற கட்டடம். ஸ்பானிய ஆட்சிக்கு எதிரான விடுதலைக் கிளர்ச்சி தொடங்கியபோது, 1810 செப்டம்பர் 28 அன்று ஸ்பானியர்கள் இதற்குள் பதுங்கிக்கொள்ள, பீப்பிலா என்ற சுரங்கத் தொழிலாளி முதுகில் கற்பலகையைக் கட்டிக்கொண்டு போய்க் கதவுக்குத் தீ வைத்ததாகச் சொல்கிறார்கள். மறு ஆண்டு கிளர்ச்சித் தலைவர்கள் ஹிதால்கோ, அயெந்தே, அல்தாமா, ஹிமெனெஸ் ஆகிய நால்வரின் தலைகளை இதே கட்டடத்தின் நான்கு மூலைகளில் தொங்கவிட்டார்கள். 1821 வரை அவை அங்கேயே இருந்தன. இன்றும் மூலைக்கொரு பெயர் பொறித்திருக்கிறது. உள்ளே நுழையும் முன் வெளியே ஒரு சுற்று வந்து படியுங்கள். பக்கத்திலேயே ஓவியர் தியேகோ ரிவேரா 1886இல் பிறந்த வீடு. திங்கட்கிழமையில் பல அருங்காட்சியகங்கள் மூடியிருக்கும் என்பதால் அந்த நாளை வேறெதற்காவது ஒதுக்குங்கள்.

மூன்றாம் நாள் பஸ்ஸில் பழைய வெள்ளிச் சுரங்கப் பகுதியான வலென்சியானா. 1788இல் முடிந்த சான் கயெத்தானோ தேவாலயத்தின் பலிபீடங்கள் பொன்தகடு வேய்ந்தவை. அந்தப் பொன்னும் பகட்டும் எங்கிருந்து வந்தன என்பது அருகிலுள்ள பழைய சுரங்கவாயில் படிகளில் இறங்கினால் விளங்கும். திரும்பும்போது பஸ் சுரங்கச் சாலைக்குள் நிற்கலாம்; பயப்படாமல் இறங்கிப் படியேறுங்கள். அடிக்கடி வெள்ளம் வந்து ஊரை அலைக்கழித்த ஆற்றைத் திருப்பிவிட்டு, அதன் பழைய படுகையில்தான் 1960களில் இந்தச் சாலையைப் போட்டார்கள்.

நான்காம் நாள் தொலோரெஸ் ஹிதால்கோ என்ற ஊருக்குப் போய் வரலாம். 1810 செப்டம்பர் 16 அதிகாலையில் பாதிரியார் ஹிதால்கோ விடுதலைக் குரல் கொடுத்த தேவாலயம் அங்கே இருக்கிறது. சதுக்கத்து ஐஸ்கிரீம் வண்டிகளில் வெண்ணெய்ப்பழம், மக்காச்சோளம், இறால் சுவைகள்கூடக் கிடைக்கும்.

பட்டியலில் நான் சேர்க்காத ஒன்று மம்மி அருங்காட்சியகம். கல்லறைக் கட்டணம் கட்ட உறவினர் இல்லாததால் 1865 முதல் தோண்டியெடுக்கப்பட்ட உடல்கள் அவை. குழந்தைகளோடு போகிறவர்கள் சந்தையில் விற்கும் மம்மி வடிவ மிட்டாயோடு நிறுத்திக்கொள்ளலாம்.

படி 7: சாப்பாடு

பெரிய சாப்பாடு பிற்பகல் இரண்டு மணிவாக்கில். "கொமீதா கொர்ரீதா" என்று பலகை வைத்த கடைகளில் சூப், சோறு, ஒரு முக்கிய உணவு, பழச்சாறு எல்லாம் சேர்த்து ஒரே விலை.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்குக் கொஞ்சம் எச்சரிக்கை. ஸ்பானிய மொழியில் இறைச்சிக்குக் கார்னே என்று பெயர். ஆனால் கார்னே என்றால் அவர்களுக்குப் பெரும்பாலும் மாட்டிறைச்சி, பன்றியிறைச்சி. கோழி அதில் சேராது என்று நினைப்பார்கள். எனவே "சின் கார்னே, சின் போயோ" (இறைச்சி வேண்டாம், கோழி வேண்டாம்) என்று இரண்டையும் சொல்லுங்கள். சோற்றில் கோழிச்சாறும், பீன்ஸில் பன்றிக் கொழுப்பும் இருக்கக்கூடும். "சின் மன்தேகா" என்றால் கொழுப்பு வேண்டாம் என்று பொருள். உள்ளூர் உணவான என்சிலாதாஸ் மினேராஸைப் பாலாடைக்கட்டி வைத்துக் கேளுங்கள். காய்ந்த மிளகாய்ச் சாந்தில் தோய்த்த சோளரொட்டி, மேலே பொரித்த உருளைக்கிழங்கும் கேரட்டும். காரத்துக்கு நமக்கு அஞ்ச வேண்டியதில்லை. மிளகாயே அங்கிருந்து வந்ததுதான். குழாய்த் தண்ணீருக்குத்தான் அஞ்ச வேண்டும். விடுதியில் வைத்திருக்கும் பெரிய குடுவைத் தண்ணீரைப் புட்டியில் நிரப்பிக்கொண்டு கிளம்புங்கள்.