மறையூர் வெல்லமும் காந்தாரியும் போட்டு ஓவனில் சுடும் கோழி

இந்தக் கோழியைக் கெடுப்பது பெரும்பாலும் ஒரே அவசரம்தான். மசாலா தடவும்போதே வெல்லத்தையும் சேர்த்துப் பிசைந்து ஓவனுக்குள் வைத்துவிடுகிறோம். அரை மணியில் மேலே கரி, உள்ளே எலும்போரம் ரத்தம். வெல்லத்தில் வெறும் சீனிச்சத்து மட்டும் இல்லை. உடைந்த சர்க்கரைகளும் (குளுக்கோஸ், ஃபிரக்டோஸ்) கொஞ்சம் இருக்கும், அவை வெள்ளைச் சீனியைவிடக் குறைந்த சூட்டிலேயே கறுக்கத் தொடங்கிவிடும். காலுள்ள பெரிய துண்டு வேக 40 நிமிடமாவது ஆகும். அவ்வளவு நேரம் 200 டிகிரியில் வெல்லம் தாங்காது. ஆகவே முதலில் உப்பு, காரம், எண்ணெய். வெல்லப்பாகு கடைசிக் கால் மணி நேரத்தில்தான்.

உடுமலையிலிருந்து சின்னாறு செக்போஸ்ட் தாண்டி ஏறினால் கேரளத்து மறையூர். அங்கே உருண்டை பிடித்து விற்கும் கருஞ்சிவப்பு வெல்லம்தான் இதற்குப் பொருத்தம் (2019-ல் புவிசார் குறியீடு வாங்கியது). கடையில் கேட்கும்போது ஒன்றை மறக்க வேண்டாம்: செக்போஸ்ட்டுக்கு அந்தப் பக்கம் 'சர்க்கரை' என்றால் வெல்லம், சீனிக்கு 'பஞ்சசார'. எந்த ஊர் வெல்லமானாலும் ஒரு துணுக்கை நாக்கில் வைத்துப் பாருங்கள். சில வெல்லம் உப்புக் கரிக்கும். அப்படியிருந்தால் பாகில் உப்பே வேண்டாம். பளீர் மஞ்சள் வெல்லத்தில் நிறம்தான் இருக்கும், இந்தச் சமையலுக்கு வேண்டிய அடர்ந்த வாசம் இருக்காது.

நான்கு பேருக்கு: முழு லெக் பீஸ் நான்கு, மொத்தம் ஒரு கிலோ வரும். தோலை உரிக்காமல் தரச் சொல்லிக் கடைக்காரரிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், நம் பக்கம் கேட்காவிட்டால் உரித்துத்தான் கொடுப்பார்கள். நெஞ்சுக்கறி இதற்கு ஆகாது, பாகு பிடிப்பதற்குள் நாராகிவிடும்.

ஊற வைக்க: தூள் உப்பு 2 தேக்கரண்டி (ஏறக்குறைய 12 கிராம்), இஞ்சி பூண்டு விழுது ஒன்றரை மேசைக்கரண்டி, இடித்த மிளகு ஒன்றரை தேக்கரண்டி, காஷ்மீரி மிளகாய்த்தூள் 1 மேசைக்கரண்டி, மஞ்சள் அரை தேக்கரண்டி.

பாகுக்கு: வெல்லம் 100 கிராம், புளி 15 கிராம், காந்தாரி மிளகாய் (கடுங்காரமான குட்டி மிளகாய்) 8 முதல் 10, பூண்டு 6 பல், தேங்காய் எண்ணெய் 2 மேசைக்கரண்டி, உப்பு அரை தேக்கரண்டி. கோழிமேல் தடவ இன்னொரு மேசைக்கரண்டி எண்ணெய் தனியாக.

துண்டுகளின் ஈரத்தைத் துணியாலோ டிஷ்யூவாலோ நன்றாக ஒற்றி எடுங்கள். தொடையில் இரண்டு, காலில் இரண்டு என்று எலும்பு தட்டும்வரை கீறி, மசாலாவைக் கீறலுக்குள்ளும் தோலுக்கு அடியிலும் தேயுங்கள். குறைந்தது 4 மணி நேரம், முடிந்தால் ராத்திரி முழுக்க ஃபிரிட்ஜில் இருக்கட்டும். உப்புதான் உள்ளே இறங்கும். மஞ்சளும் மிளகாயும் எத்தனை நேரம் வைத்தாலும் மேலோடு நின்றுவிடும், கீறல் போடுவது அதற்காகத்தான். தயிர் வேண்டாம், அதன் தண்ணீர் தோலை முறுகவிடாது. எலுமிச்சையும் வேண்டாம், ராத்திரி முழுக்க ஊறினால் மேல்சதை மாவு மாதிரி ஆகிவிடும். தேங்காய் எண்ணெயை இப்போது சேர்த்தால் ஃபிரிட்ஜில் வெள்ளைக் கட்டியாக உறையும், அதைச் சுடுவதற்கு முன் தடவினால் போதும்.

கோழி ஊறும் நேரத்திலேயே பாகை முடித்துவிடலாம். புளியை 60 மில்லி வெந்நீரில் ஊறவைத்துக் கெட்டியாகக் கரைத்துக்கொள்ளுங்கள். வெல்லத்தை இன்னொரு 60 மில்லி தண்ணீரில் கரைய விட்டு வடிகட்டுங்கள். மண்ணும் கரும்புச் சக்கைத் துணுக்கும் அடியில் நிற்கும், இதைத் தவிர்த்தால் பல்லில் நறநறக்கும். சட்டியில் எண்ணெய் ஊற்றி, நசுக்கிய பூண்டையும் காந்தாரியையும் சிறுதீயில் ஒரு நிமிடம் வதக்குங்கள். மிளகாயின் காரம் தண்ணீரில் கரையாது, எண்ணெயில்தான் கரையும். எண்ணெயில் வதக்காமல் பாகில் நேராகப் போட்டால் ஒரு வாய் சப்பென்றும் அடுத்த வாய் கண்ணீராகவும் இருக்கும். பூண்டு பொன்னிறம் தாண்டினால் கசப்பு வந்துவிடும், அது வெல்லத்துக்கும் அடங்காது. பிறகு வெல்லத்தண்ணீர், புளி, உப்பு சேர்த்துக் கொதிக்க விடுங்கள்.

பதம் இதில் முக்கியம். கரண்டியின் முதுகில் தேன்போல ஒட்டி, விரலால் கோடு இழுத்தால் கோடு மூடாமல் நிற்க வேண்டும். அங்கேயே அடுப்பை அணைத்துவிடுங்கள். கம்பிப் பதம்வரை விட்டால் ஆறியதும் மிட்டாயாக இறுகி, பிரஷில் தோலோடு பிய்ந்து வரும். இறுகிப்போனால் ஒரு மேசைக்கரண்டி வெந்நீர் விட்டுத் திரும்பச் சூடாக்கினால் சரியாகும். தெர்மாமீட்டர் வைத்துப் பாகு காய்ச்சுகிறவர்கள் மலையில் கொஞ்சம் கவனிக்க வேண்டும். ஆயிரம் மீட்டர் உயரத்தில் தண்ணீர் 97 டிகிரிக்கு முன்னாலேயே கொதித்துவிடும், பாகுப் பதங்களும் மூன்று நான்கு டிகிரி கீழே இறங்கும். உடுமலையில் எழுதி வைத்த கணக்கு மறையூரில் பாகை முறித்துவிடும். கண் அளவே போதும்.

புளிக்குப் பதில், கேரள மீன் குழம்புக்குப் போடும் குடம்புளி போடலாமா? புகைவாசம் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அது புளிப்பைத்தான் விடும், சதை கரையாது, பாகு நீர்த்துப் போகும். அது மீன் சட்டியிலேயே இருக்கட்டும். காந்தாரி கிடைக்காவிட்டால் பச்சை மிளகாய் 5 போடலாம். காந்தாரியை நசுக்கும்போது உரலிலோ கரண்டியாலோ நசுக்குங்கள். வெறுங்கையால் தொட்டு அப்புறம் கண்ணைக் கசக்கினால் அன்றைய சமையல் அத்தோடு சரி.

சுடுவதற்கு அரை மணி முன்பு கோழியை வெளியே எடுத்து எண்ணெய் தடவுங்கள். ஓடிஜியை (மேஜைமேல் வைக்கும் மின் ஓவன்) மேல், கீழ் இரண்டு ராடும் எரிய 200 டிகிரியில் 15 நிமிடம் சூடேற்றுங்கள். 1500 வாட் ஓவனை 16 ஆம்ப் பிளக்கில்தான் மாட்ட வேண்டும், சாதாரண பிளக்கில் மாட்டினால் பிளக் பாயின்ட் உருகும். டயல் காட்டும் சூடும் உள்ளே இருக்கும் சூடும் பத்து இருபது டிகிரி தள்ளி இருப்பது சகஜம். முதல் தடவை உங்கள் ஓவன் கறுக்கிறதா சோம்புகிறதா என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். ஃபேன் உள்ள கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ் என்றால் 180 டிகிரி போதும்.

கோழியைத் தட்டில் நேராக வைக்காமல் கம்பி ரேக்கில், தோல் மேலே பார்க்க, ஒன்றுக்கொன்று ஒட்டாமல் பரப்புங்கள். நெருக்கி வைத்தால் வேகும், சுடாது. அடியில் தட்டு. அந்தத் தட்டில் முக்கால் வேக்காடு அவித்துத் தண்ணீர் வடித்த கப்பைத் (மரவள்ளிக்கிழங்கு) துண்டுகளை உப்புப் போட்டு வைத்தால், மேலிருந்து சொட்டும் கொழுப்பெல்லாம் அதில் இறங்கும். கோழியைவிடக் கப்பைக்குத்தான் வீட்டில் போட்டி நடக்கும். கப்பை இல்லாவிட்டால் தட்டில் கால் டம்ளர் தண்ணீர் ஊற்றுங்கள், சொட்டும் கொழுப்பு புகையாது.

முதல் 30 நிமிடம் கதவைத் திறக்க வேண்டாம். பிறகு சூட்டை 190-க்கு இறக்கி, ஒரு சின்னக் கிண்ணத்தில் கொஞ்சம் பாகு எடுத்துத் தடவுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவையாக மூன்று பூச்சு. ஒரே தடவை மொத்தமாக ஊற்றினால் வழிந்து தட்டில்தான் எரியும். பிரஷ் தொட்ட பாகை மீதிப் பாகோடு சேர்க்காதீர்கள். சாப்பிடும்போது மேலே ஊற்றத் தனியாக எடுத்து வைத்தது தனியாகவே இருக்கட்டும். மூன்றாவது பூச்சு குமிழ்விட்டுப் பளபளக்கும்போது மேல் ராடை மட்டும் போட்டு 2 நிமிடம், கண்ணை எடுக்காமல். மூன்றாவது நிமிடத்தில் கறுத்துவிடும்.

வெந்ததா என்பதற்குத் தொடையின் தடித்த இடத்தில், எலும்பைத் தொடாமல், தெர்மாமீட்டர் குத்திப் பாருங்கள். 74 டிகிரி வந்தால் பயமில்லாமல் சாப்பிடலாம். ஆனால் தொடைக்கறி 82, 85-க்குப் போனால்தான் ஜவ்வு இளகி எலும்பைவிட்டுக் கழலும். கருவி இல்லாவிட்டால் குச்சியால் குத்துங்கள், வரும் சாறு தெளிவாக இருக்க வேண்டும். பிராய்லர் சின்ன வயதுக் கோழி என்பதால் நன்றாக வெந்த பிறகும் எலும்போரம் கொஞ்சம் சிவப்புத் தெரியும். மஜ்ஜையிலிருந்து கசிந்த நிறம் அது. அதற்காக மறுபடி அரை மணி காய்ச்ச வேண்டாம்.

வெளியே எடுத்துப் பத்து நிமிடம் ஆறவிட்டால் பாகு இறுகித் தோலில் பிடிக்கும். பாகு பிடிக்காமல் வழிகிறதென்றால் கோழி ஈரமாக உள்ளே போயிருக்கும், அல்லது ஃப்ரீசரில் இருந்தது முழுக்க உருகியிருக்காது. தித்திப்பு மட்டும் தெரிகிறதென்றால் குறை காரத்தில் இல்லை, புளிப்பில். மீதிப் பாகில் அரை எலுமிச்சை பிழிந்து மேலே ஊற்றுங்கள்.

கரன்ட் போய்விட்டாலோ ஓவனே இல்லாவிட்டாலோ அடிகனமான இரும்புச் சட்டி போதும். உள்ளே சின்ன வளையம் வைத்து அதன்மேல் கோழி, மேலே தட்டையான மூடி, கீழே சிறுதீ, மூடிமேல் சிரட்டைக் (கொட்டாங்குச்சி) கனல். 45 நிமிடம் ஆகும், இதிலும் கடைசியில்தான் பாகு. சிரட்டைக் கனலைக் கதவடைத்த சமையலறைக்குள் வைக்காதீர்கள், அதன் நச்சுவாயு ஆளைச் சாய்க்கும். பின்கட்டிலோ முற்றத்திலோ வைத்துச் சுடுங்கள்.