'ஜி' போட்டிருந்தால் குழந்தைகள் நிகழ்ச்சியா?

அமெரிக்க நிகழ்ச்சி எதையாவது குழந்தைக்குப் போட்டுவிடும்போது, எந்த வயதினர் பார்க்கலாம் என்று சொல்ல, தொடக்கத்தில் திரை மூலையில் வரும் குறியைக் கொஞ்சம் கவனியுங்கள். 1997-இல் அங்கே வந்த முறை அது. 'டிவி-ஒய்' என்றால் குழந்தைகளுக்காகவே எடுத்தது. 'டிவி-ஒய்7' என்றால் கற்பனையையும் நிஜத்தையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்த, 7 வயதும் அதற்கு மேலும் ஆன குழந்தைகளுக்கு. 'டிவி-ஜி'யில்தான் பலரும் ஏமாறுகிறோம். குழந்தை பார்த்தால் தப்பில்லை என்பது மட்டுமே அதன் பொருள். குழந்தைக்காக எடுத்தது என்பதல்ல. சமையல் போட்டிக்கும் அந்தக் குறி கிடைக்கலாம். மூன்று வயது வாண்டுக்கு அதில் என்ன இருக்கிறது? குடும்பத் தொடர் என்றால் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், நடுவில் கேள்விகள் வரும். தனியாகப் பார்க்க விடுவதென்றால் 'ஒய்' சரி. அதிலும் முதல் பகுதியை நீங்கள் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.