டிக்கெட் போடும் முன் சீட் வரைபடம் பார்ப்பது எப்படி

உலகின் சிறந்த விமான நிறுவனங்கள் என்று வருடா வருடம் ஒரு பட்டியல் வருகிறது, அதைப் பார்த்து டிக்கெட் போடுகிறவர்கள் நிறைய பேர். தப்பில்லை. ஆனால் முதலிடம் பிடித்த நிறுவனத்திடமும் தோளோடு தோள் உரச உட்கார வேண்டிய விமானம் இருக்கும், பத்தாவது இடத்தில் இருக்கும் நிறுவனத்திடம் தாராளமாக உட்காரும் விமானம் இருக்கும். பட்டியல் அதைச் சொல்லாது, நாமே பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். பத்து நிமிட வேலை.

முதலில் பட்டியல் யாருடையது என்று பாருங்கள். லண்டனில் இருக்கும் ஸ்கைட்ராக்ஸ் தருகிற விருதுகள் பயணிகளிடம் கருத்துக் கேட்டுத் தருபவை. அதே ஸ்கைட்ராக்ஸ் தருகிற நட்சத்திரம் வேறு, அது அவர்களே தரத்தை ஆராய்ந்து போடும் மதிப்பீடு. இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்கிறவர்கள்தான் அதிகம். ஆஸ்திரேலியாவின் ஏர்லைன்ரேட்டிங்ஸ் தன் பங்குக்கு இன்னொரு பட்டியல் போடுகிறது. 2025இல் ஸ்கைட்ராக்ஸுக்கு முதலிடம் கத்தார் ஏர்வேஸ், ஏர்லைன்ரேட்டிங்ஸுக்குக் கொரியன் ஏர். அதே வருடம்தான் கொரியன் ஏர் தன்னுடைய போயிங் 777களில் சிலவற்றில் எகானமியை வரிசைக்கு 9 சீட்டிலிருந்து 10 ஆக்கப்போவதாகச் சொல்லி, எதிர்ப்பு கிளம்பியதும் மறுபரிசீலனை செய்வதாக அறிவித்தது. பட்டியலுக்கும் உங்கள் முழங்கைக்கும் எவ்வளவு தூரம் என்பதற்கு இந்த ஒன்று போதும்.

ஒட்டுமொத்த ரேங்கை விட உள்ளே இருக்கும் சின்னப் பிரிவுகள் உபயோகமானவை. மொத்த மதிப்பெண்ணில் விமான நிலையத்தில் காத்திருக்கும் லவுஞ்ச், சாப்பாடு, பணிப்பெண்களின் சிரிப்பு எல்லாம் கலந்துவிடும், பிசினஸ் கிளாஸில் போனவரின் சந்தோஷமும் அதில் சேர்ந்திருக்கும். எகானமியில் போகிறவர் 'சிறந்த எகானமி இருக்கை' மாதிரியான பிரிவைத் தேடிப் பார்க்கலாம். ஜப்பான் ஏர்லைன்ஸ் அதைப் பலமுறை வாங்கியிருக்கிறது, காரணம் ஒன்றும் ரகசியமில்லை. மற்றவர்கள் போயிங் 787இல் வரிசைக்கு 9 சீட் போடும்போது, இவர்கள் சர்வதேச வழித்தடங்களில் ஓட்டும் 787களில் 8தான் போட்டிருக்கிறார்கள்.

சரி, இந்த எண் விஷயத்துக்கு வருவோம். 3-3-3 என்றால் ஜன்னலோரம் மூன்று, நடைபாதை, நடுவில் மூன்று, நடைபாதை, மறுபடி மூன்று. விமானத்தின் அகலம் மாறாது, எனவே ஒரு சீட் கூடினால் எல்லோருடைய சீட்டும் நடைபாதையும் சேர்ந்து சுருங்கும். 787 ஆரம்பத்தில் 2-4-2 என்று காட்டப்பட்ட விமானம், அப்போது சீட் அகலம் பதினெட்டரை அங்குலம் வரை வரும். இன்று பெரும்பாலானவர்கள் வைத்திருக்கும் 3-3-3இல் 17 அங்குலத்துச் சொச்சம். 777 கதையும் இதேதான்: 3-3-3 ஆக இருந்தது 3-4-3 ஆனது, 18க்கு மேல் இருந்தது 17 பக்கம் இறங்கியது. ஏர்பஸ் ஏ330இல் 2-4-2, ஏ350இல் பெரும்பாலும் 3-3-3, ஏ380இன் கீழ்த்தளத்தில் 3-4-3, இவை மூன்றிலும் சுமார் 18 அங்குலம் கிடைக்கும். ஏ350இலும் 10 சீட் திணித்தவர்கள் உண்டு, அதனால் விமானத்தின் பெயரை மட்டும் நம்பாமல் எண்ணையும் பாருங்கள்.

ஒரு அங்குலத்துக்கு இவ்வளவு பேச்சா என்று தோன்றலாம். 17 அங்குல நடு சீட்டில் உட்கார்ந்தால் தெரியும்: கைப்பிடி இரண்டிலும் அடுத்தவர் கை, நம் தோள் முன்பக்கமாகக் குறுகும், சாப்பாட்டுத் தட்டு வந்தால் முழங்கையை விலாவோடு ஒட்டிக்கொண்டுதான் ஸ்பூனைத் தூக்க வேண்டும். நடைபாதை ஓரம் தப்பிக்கலாம் என்றால் அங்கே தள்ளுவண்டி வந்து முட்டியை இடிக்கும். 2013இல் ஏர்பஸ் நிறுவனமே நீண்ட தூரப் பயணத்துக்குக் குறைந்தது 18 அங்குலம் வேண்டும் என்று பிரசாரம் செய்தது. அதே ஏர்பஸ் 2015இல் ஏ380இல் 3-5-3 என்று வரிசைக்கு 11 சீட் போடலாம் என ஒரு திட்டத்தைக் கொண்டுவந்ததும் நடந்தது, நல்லவேளை யாரும் வாங்கவில்லை.

787க்கு ஆதரவாக ஒன்று சொல்ல வேண்டும். அதிலும் ஏ350இலும் உள்ளே காற்றழுத்தம் சுமார் 6,000 அடி உயரத்துக்குச் சமமாக இருக்கும், பழைய விமானங்களில் 8,000 அடி வரை போகும். காற்றில் ஈரப்பதமும் கொஞ்சம் அதிகம். இறங்கும்போது தலைவலியும் தொண்டை வறட்சியும் குறைவு என்று பலர் சொல்வது இதனால்தான். என்னைக் கேட்டால் இரவுப் பயணத்துக்கு ஏ350, கிடைக்காவிட்டால் ஏ330. இரண்டு பேராகப் போனால் ஏ330ஐயே முதலில் பார்ப்பேன், ஜன்னலோர இரண்டு சீட்டை எடுத்துக்கொண்டால் மூன்றாம் ஆள் இல்லை.

குறுகிய தூரத்துக்குத் தேர்வு எளிது. ஏ320, போயிங் 737 இரண்டிலும் 3-3தான், ஆனால் ஏ320 உள்ளே சுமார் 16 சென்டிமீட்டர் அகலம் கூடுதல். ஏ220 வந்தால் விடாதீர்கள், 2-3, இரண்டு சீட் பக்கம் எடுங்கள். எம்ப்ரேயர் இ-ஜெட்களில் எகானமி 2-2, நடு சீட் என்ற பேச்சே கிடையாது.

அடுத்து பிட்ச். ஒரு சீட்டின் ஒரு புள்ளியிலிருந்து முன் சீட்டின் அதே புள்ளி வரை உள்ள தூரம் அது. மலிவு விலை நிறுவனங்களில் 28 அங்குலம் வரை இறங்கும், வழக்கமாக 30லிருந்து 32, 33 கிடைத்தால் அதிர்ஷ்டம். ஆனால் பிட்ச் என்பது கால் இடம் இல்லை, அதில் சீட்டின் தடிமனும் சேர்ந்திருக்கிறது. மெல்லிய முதுகும், பத்திரிகைப் பையை முழங்காலுக்கு மேலே ஏற்றி வைத்த அமைப்பும் இருந்தால் 30 அங்குலமே ஓரளவு தாங்கும். என்ன, மெல்லிய மெத்தை நாலு மணி நேரம் கழித்துத் தன் வேலையைக் காட்டும்.

இதையெல்லாம் எங்கே பார்ப்பது? டிக்கெட் தளத்தில் 'விமான விவரம்' என்பதைத் திறந்தால் விமான வகை இருக்கும், சில இடங்களில் குறியீடாக: 789 என்றால் போயிங் 787-9, 77டபிள்யூ என்றால் 777-300இஆர், 359 என்றால் ஏ350-900. கூடவே 'இயக்குபவர்' யார் என்ற சின்ன எழுத்தைப் படியுங்கள், நீங்கள் காசு கொடுக்கும் நிறுவனம் ஒன்றாகவும் பறக்கும் நிறுவனம் வேறாகவும் இருக்கலாம், அப்போது ரேங்குக்கு அர்த்தமே இல்லை. பிறகு ஏரோலோபா தளத்தில் அந்த நிறுவனத்தின் அந்த விமானத்தைத் தேடுங்கள், ஜன்னல் எங்கே வருகிறது என்பது வரை அளவு பிசகாமல் வரைந்திருக்கிறார்கள். ஒரே விமானத்துக்கு இரண்டு மூன்று வரைபடம் இருந்தால் குழம்ப வேண்டாம், டிக்கெட் தளத்தின் வரைபடத்தில் எகானமி எந்த வரிசை எண்ணில் தொடங்குகிறது என்று ஒப்பிட்டால் உங்களுடையது எது என்று பிடிபடும்.

சீட் எடுக்கும்போது சில பொறிகள். அவசர வழி வரிசையில் கால் நீட்டலாம், ஆனால் பல விமானங்களில் அங்கே உணவுத் தட்டு கைப்பிடிக்குள் மடங்கியிருக்கும், அப்படியென்றால் கைப்பிடி தூக்க முடியாது, சீட்டும் சற்று ஒடுங்கும். அதற்கு முன் வரிசை பல விமானங்களில் சாயாது. தடுப்புச் சுவர் வரிசையில் குழந்தைத் தொட்டில் மாட்டுவார்கள், பையைக் காலடியில் வைக்கவும் இடமில்லை. கடைசி வரிசை கழிப்பறைக்குப் பக்கத்துவீடு. அதற்குச் சற்று முன்னால் 777இன் உடல் குறுகும் இடத்தில் ஓரத்து மூன்று இரண்டாகும் வரிசைகள் உண்டு, ஜோடியாகப் போகிறவர்களுக்கு நல்ல இடம். 737இல் இறக்கைக்குச் சற்று முன்னால் ஒரு ஜன்னல் இருக்காது, குளிர்காற்றுக் குழாய் அந்தச் சுவருக்குள் போகிறது. ஜன்னல் சீட்டுக்குத் தனிக் காசு கொடுத்துச் சுவரைப் பார்த்துக்கொண்டு போவது அங்கேதான். ஆட்டம் பயமென்றால் இறக்கை அருகே, சத்தம் ஆகாதென்றால் இன்ஜினுக்கு முன்னால்.

பிசினஸ் கிளாஸுக்கு ஒரே கேள்வி போதும்: 1-2-1ஆ? அப்படியென்றால் எல்லோருக்கும் பக்கத்திலேயே நடைபாதை. எமிரேட்ஸ் 777களில் இன்னும் 2-3-2 பார்க்கலாம், ரேங்க் பட்டியலில் எவ்வளவு மேலே இருந்தாலும் அந்த நடு ஆள் யாரையாவது தாண்டித்தான் எழுந்து போக வேண்டும்.

டிக்கெட் போட்டதோடு விட்டுவிடாதீர்கள். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பும், ஆன்லைன் செக்-இன் திறக்கும்போதும் சீட் வரைபடத்தை மறுபடி பாருங்கள். வரிசை எண்களோ சீட் எண்ணிக்கையோ மாறியிருந்தால் விமானத்தை மாற்றிவிட்டார்கள் என்று அர்த்தம், உங்கள் சீட்டும் எங்கேயாவது நகர்ந்திருக்கும். உடனே வேறு சீட் பிடியுங்கள், தனிக் காசு கொடுத்து எடுத்த சீட் போயிருந்தால் அந்தக் காசைத் திரும்பக் கேளுங்கள், கேட்காமல் தானாக வரும் என்று காத்திருக்க வேண்டாம்.